கெட்ட வார்த்தையை விட நினைக்கும் பையன்களுக்கு யோசனை சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் கபடிக் குழுவில் பிளஸ் டூ படிக்கும் பையன்கள் சிலர், இனி கெட்ட வார்த்தை பேசுவதில்லை என்று தாங்களாகவே முடிவெடுத்திருக்கிறார்கள். யாரும் கண்டிக்கவில்லை. கோபம் எதிரணிக்காரன்மேல், வசவு மட்டும் அவன் அம்மாவுக்கும் அக்காவுக்கும் என்பது அவர்களுக்கே பிடிக்காமல் போய்விட்டது. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

கலிஃபோர்னியாவின் தெற்கு பாசடீனாவில் மெக்கே ஹாட்ச் என்ற பள்ளி மாணவர் 2007-இல் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். மறு ஆண்டே அந்த நகரம் மார்ச் மாதத்தில் ஒரு வாரத்தை வசைச்சொல் இல்லாத வாரமாக அறிவித்தது. இதைக் கேட்டதும் பையன்களுக்கு உற்சாகம்.

ஆனால் ரெய்டில் பிடிபட்ட நொடியில் வாய் முந்திக்கொள்கிறது. அபராதம் போடலாம் என்கிறார்கள். காசுக்குப் பயந்து அடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பயிற்சியாளர்களே, இந்தப் பழக்கத்தை விட்ட தம்பிகளே, அந்த நொடியில் என்ன செய்தீர்கள்? கேலி செய்த நண்பர்களை எப்படிச் சமாளித்தீர்கள்?