பி12: மெத்தில்கோபாலமின்தான் வேண்டுமா, சயனோகோபாலமின் போதாதா?

பார்மசி_செல்வி
"பி12 எந்த வடிவமானாலும் ஒன்றுதான்" என்று வளவன் சார் வேறொரு இழையில் எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. பி12 நம் செல்லில் இரண்டே துணைநொதிகளாக (நொதி வேலை செய்ய உதவும் மூலக்கூறுகளாக) வேலை செய்கிறது: சைட்டோசாலில், அதாவது செல்லின் உள்திரவத்தில், மெத்தில்கோபாலமின், மைட்டோகாண்ட்ரியாவில் அடினோசில்கோபாலமின். சயனோகோபாலமினுக்கு எந்த நொதியிலும் வேலை இல்லை. தொட்டியில் வளர்த்த பாக்டீரியாவிலிருந்து பி12-ஐப் பிரிக்கும்போது, கெடாமல் நிற்பதற்காகச் சயனைடு சேர்த்து எடுக்கும் பொருள் அது. செல் பயன்படுத்தும் வடிவத்தையே கையில் கொடுக்க முடியும்போது ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

வேதிவளவன்
கையில் கொடுக்க முடியாது, செல்வி மேடம். என் வாதமே அதுதான்.

ரத்தத்தில் டிரான்ஸ்கோபாலமின் என்ற புரதம் சுமந்து வரும் பி12 செல்லுக்குள் போய் லைசோசோமில் (செல்லின் செரிமானப் பையில்) விடுபடுகிறது. சைட்டோசாலுக்கு வந்ததும் எம்எம்ஏசிஎச்சி என்ற புரதம் அதைப் பிடிக்கிறது. பி12-இன் நடுவில் இருக்கும் கோபால்ட் அணுவின் மேல்பக்கத்தில் எது ஒட்டியிருந்தாலும் கழற்றுவது இதன் வேலை. சயனைடு என்றால் என்ஏடிபிஎச் என்ற செல் மூலக்கூறு தரும் எலக்ட்ரான், ஃப்ளேவின் என்ற பி2 வழித் துணைநொதி மூலமாக வந்து கழற்றும். மெத்திலோ அடினோசிலோ என்றால் செல்லில் உள்ள குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு பறித்துக்கொள்ளும். ருமா பானர்ஜியின் ஆய்வுக் குழு 2008, 2009-இல் வெளியிட்ட வேலை இது. இந்தப் புரதத்தைத் தாண்டும்போது மூன்று மாத்திரைக்கும் வித்தியாசம் கிடையாது, மிஞ்சுவது மொட்டைக் கோபாலமின்.

சரி, மாத்திரையில் வந்த மெத்தில் எப்படியோ தப்பித்துப் போய் மெத்தியோனின் சிந்தேஸ் என்ற நொதியில் உட்கார்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த நொதி முதல் சுற்றிலேயே அதை ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குக் கொடுத்து மெத்தியோனின் ஆக்கிவிடும். அடுத்த சுற்றுக்கான மெத்தில் 5-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபோலேட் என்ற ஃபோலேட் வடிவத்திலிருந்து வருகிறது. சுற்றுக்குச் சுற்று மாறும் மெத்தில் இது. முதல் மெத்தில் எங்கிருந்து வந்தது என்பதால் என்ன லாபம்?

பார்மசி_செல்வி
அப்படியானால் பிறவியிலேயே எம்எம்ஏசிஎச்சி பழுதான குழந்தைகளுக்கு (சிபிஎல்-சி குறைபாடு) சயனோகோபாலமின் பலிக்காமல் போவது ஏன்? வடிவம் முக்கியம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

வேதிவளவன்
அந்தக் குழந்தைகளுக்குப் போடுவது பி12-இன் இன்னொரு வடிவமான ஹைட்ராக்ஸோகோபாலமின் ஊசி. மெத்தில்கோபாலமின் அல்ல. கழற்றும் புரதமே பழுது என்றால் மெத்திலும் கழலாது. ஹைட்ராக்ஸோவில் மேலே இருப்பது தளர்வாக நிற்கும் தண்ணீர் மூலக்கூறுதான். இந்த உதாரணம் சயனோவுக்கு எதிராகப் பேசுகிறது, ஒத்துக்கொள்கிறேன். மெத்திலுக்கு ஆதரவாகப் பேசவில்லை.

நெஃப்ரான்
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். சிறுநீரக நோயாளி விஷயத்தில் சயனோவை இவ்வளவு எளிதாக விட்டுவிடக்கூடாது. நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தினமும் ஃபோலிக் அமிலம் 2.5 மி.கி., பி6 25 மி.கி., பி12 1 மி.கி. கொடுத்த கனடா ஆய்வு 2010-இல் வந்தது. 36 மாதத்தில் வடிகட்டும் திறன் வைட்டமின் குழுவில் 16.5 மி.லி./நிமிடம் குறைந்தது, போலி மாத்திரைக் குழுவில் 10.7. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் வைட்டமின் குழுவில் கூடுதல். சயனைடிலிருந்து உண்டாகும் தயோசயனேட் வெளியேறும் வழி சிறுநீரகம்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வேதிவளவன்
அந்த ஆய்வில் மூன்று வைட்டமின்களும் ஒன்றாகப் போயின. குற்றத்தைச் சயனோவின் தலையில் மட்டும் கட்ட முடியாது. கணக்கையும் போடுவோம்: சயனோகோபாலமினின் மூலக்கூறு எடை 1355, சயனைடு 26. ஆக 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் சயனைடு சுமார் 19 மைக்ரோகிராம். அதுவும் முழுக்க உள்ளே போகாது. இரைப்பையின் உட்காரணி (பி12-ஐப் பிடித்துக் குடலில் ஏற்றும் புரதம்) வழியாக ஒரு வேளைக்கு 1.5 முதல் 2 மைக்ரோகிராம் பி12 ஏறும், மீதியில் ஏறத்தாழ 1 சதவீதம் தானாக ஊடுருவும். ஏறுவது மொத்தம் 12 மைக்ரோகிராம் பி12 என்றால் அதிலுள்ள சயனைடு கால் மைக்ரோகிராம்கூட இல்லை. நல்ல சிறுநீரகத்துக்கு இது ஒன்றுமே இல்லை. சிறுநீரகம் கெட்டவருக்கு வருடக்கணக்கில் அதிக அளவு ஊசி என்றால் நெஃப்ரான் சொல்வது நியாயம், சயனைடு இல்லாத வடிவத்துக்குப் போங்கள்.

பார்மசி_செல்வி
ஜப்பானை மறந்துவிட்டீர்கள். ஏஎல்எஸ் என்ற நரம்பணு நோய்க்கு, நோய் தொடங்கி ஒரு வருடத்துக்குள் இருந்த 130 பேருக்கு வாரம் இருமுறை 50 மி.கி. மெத்தில்கோபாலமின் தசை ஊசி. 16 வாரத்தில் செயல்திறன் குறையும் வேகம் மட்டுப்பட்டது. 2024-இல் அங்கே அனுமதியும் கிடைத்தது. ஏன் சயனோவை வைத்துச் செய்யவில்லை?

வேதிவளவன்
50 மி.கி. என்பது வழக்கமான 1 மி.கி. ஊசியைப் போல 50 மடங்கு. துணைநொதிக் குறைபாட்டை நிரப்பும் அளவே அல்ல, அது தனி மருந்து. ஒப்பிட்டது போலி ஊசியோடு, சயனோவோடு அல்ல. அதைக் காட்டி 500 மைக்ரோகிராம் மாத்திரைக்குப் பெருமை சேர்க்க முடியாது.

வடிவம் உண்மையிலேயே முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு, அது கோபால்ட்டின் கீழ்ப்பக்கம். நம் உடலுக்கு ஏற்ற பி12-இல் அங்கே டைமெத்தில்பென்சிமிடசோல் என்ற மூலக்கூறுப் பகுதி இருக்க வேண்டும். சில பாக்டீரியாக்கள் அதை ப்ளூபி என்ற நொதியால் எஃப்எம்என்னை உடைத்துச் செய்கின்றன. பி2-இன் துணைநொதியைச் சிதைத்து பி12-க்கு உறுப்பு செய்கிற இந்த வேதியியல் எத்தனை முறை படித்தாலும் வியப்புதான். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் அந்த இடத்தில் பெரும்பாலும் அடினின் நிற்கிறது. உட்காரணி அதைச் சரியாகப் பிடிக்காது. பாக்டீரியாவை வளர்த்து அளக்கும் சோதனையோ அதையும் பி12 என்றே எண்ணிவிடும். சைவ உணவுக்காரர்கள் ஸ்பைருலினா டப்பாவின் எண்ணை நம்பி ஏமாறுவது இதனால்தான்.

வார்டு_மருந்தாளுநர்
வேதியியல் இருக்கட்டும், கையாள்வதைச் சொல்கிறேன். மெத்தில்கோபாலமினின் கார்பன்-கோபால்ட் பிணைப்பு வெளிச்சத்தில் உடையும். சிவப்பு மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி ஜன்னல் ஓரம் வைத்தால் நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும். பழுப்புக் குப்பியை உடைத்தவுடன் போட்டுவிட வேண்டும். சொட்டு மருந்தில் கலந்தால் பையை மூட வேண்டும், வைட்டமின் சி-யோடு ஒரே பையில் சேர்க்கக் கூடாது.

பார்மசி_செல்வி
வெளிச்சத்தில் உடைந்தாலும் வருவது ஹைட்ராக்ஸோகோபாலமின்தானே, அதுவும் மருந்துதான். நான் என் நிலையிலிருந்து மாறவில்லை: சிறுநீரக நோயாளி, புகைபிடிப்பவர், லீபர் பார்வை நரம்பு நோய் உள்ளவர் என்று ஒவ்வொருவராகச் சலித்துப் பார்க்கக் கவுண்டரில் நேரம் இருக்காது. சயனைடு இல்லாததைக் கொடுப்பதே பாதுகாப்பு.

வேதிவளவன்
லீபர் நோய்க்காரருக்குச் சயனோ கூடாது என்பதில் இரண்டு பேச்சில்லை. மற்றவர்களுக்கு எது மலிவோ, எது தவறாமல் கிடைக்குமோ அது போதும்.

நெஃப்ரான்
எந்த வடிவம் என்று அடித்துக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, யாருக்கு ஊசி என்பது. கால் மரத்துப்போய் நடை தள்ளாடும் ஒருவருக்கு முதலில் 1000 மைக்ரோகிராம் ஊசியை ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டு வாரம் போடுங்கள், மாத்திரையில் தொடங்காதீர்கள். ஃபோலிக் அமிலத்தைத் தனியாக முதலில் கொடுத்துவிட்டால் ரத்தசோகை தேறும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். ரத்த எடுப்பு ஊசிக்கு முன்பே நடக்கட்டும். பி12 குறைந்தால் ஏறும் ஹோமோசிஸ்டீனுக்கான ரத்தக் குழாயை (டியூபை) உடனே ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரிக்கச் சொல்லுங்கள், தாமதித்தால் சிவப்பணுக்களிலிருந்து கசிந்து எண் பொய்யாக ஏறும். கிரியாட்டினினையும் சேர்த்துப் பாருங்கள். சிறுநீரகம் கெட்டிருந்தால் பி12 போதுமான அளவு இருந்தாலும் ஹோமோசிஸ்டீன், பி12 குறைவைக் காட்டும் இன்னொரு அளவான மெத்தில்மலோனிக் அமிலம் இரண்டும் ஏறித்தான் இருக்கும்.