உறைபனி ஆய்வுக்கு முன் ஒரு மாதம் அளவைப் பயிற்சி தேவையா?

குன்னூர் இயற்பியல்: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சொந்தமாக அறிவியல் ஆய்வு செய்ய விடுகிறோம். நல்லதுதான். ஆனால் அதற்கு முன் ஒரு மாதம் மீச்சிற்றளவு (கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு), சுழிப்பிழை (சுழியைக் காட்ட வேண்டிய இடத்தில் கருவி வேறு அளவைக் காட்டுவது), இடமாறு தோற்றப்பிழை (கண்ணை நேராக வைக்காமல் பார்ப்பதால் அளவு மாறித் தெரிவது) எல்லாம் கையால் பழக வேண்டும். அளக்கத் தெரியாத பிள்ளை எதைக் கண்டுபிடிக்கும்?

தலைகுந்தா அம்மா: ஒரு மாதம், கம்பியின் தடிமனை அளக்கும் திருகு அளவியைத் திருகினால் என் மகளுக்கு ஆர்வமே விட்டுப்போகும் சார். பள்ளத்துப் புல்லில் உறைபனி, மேட்டில் ஏன் இல்லை என்பது அவள் கேள்வி. பயிற்சி முடிவதற்குள் பனிக்காலமே போய்விடும்!

குன்னூர் இயற்பியல்: வெப்பமானியை ஜன்னலில் மாட்டுவாள். அது 4 டிகிரி காட்டும், வெளியே புல் வெள்ளையாக இருக்கும். 4 டிகிரியிலேயே தண்ணீர் உறைகிறது என்று எழுதிவிடுவாள். மேகமில்லாத இரவில் புல் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். எங்கே வைத்து அளப்பது என்பதும் பயிற்சிதான்.

தலைகுந்தா அம்மா: அந்த முரண்பாட்டைப் பார்த்தால் அவளே வெப்பமானியைப் புல்லில் வைப்பாள். அதைத்தானே ஆய்வு என்கிறோம்? முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம்?

ஊட்டி ஆய்வக உதவியாளர்: கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் 93 டிகிரிதான் காட்டுகிறது என்று நல்ல வெப்பமானியை ஒதுக்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, அதனால் இங்கே தண்ணீர் அந்த அளவில்தான் கொதிக்கும். புத்தகத்தில் உள்ள 100 கடல் மட்டத்துக்கு. அளக்கிற முறையை யாராவது சொல்லித்தரத்தான் வேண்டும் மேடம்.

தலைகுந்தா அம்மா: சரி, அதற்கு ஒரு மாதம் எதற்கு?

குன்னூர் இயற்பியல்: பள்ளத்தில் ஒன்று, மேட்டில் ஒன்று என இரண்டு வெப்பமானி வைக்கப்போகிறாள். ஒன்று ஒரு டிகிரி கூட்டியும் மற்றது ஒரு டிகிரி குறைத்தும் காட்டினால், இல்லாத 2 டிகிரி வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததாக நம்புவாள். முதலில் இரண்டையும் நொறுக்கிய பனிக்கட்டி கலந்த தண்ணீரில் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். திருகு அளவியை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன், இதை விடமாட்டேன்.

தலைகுந்தா அம்மா: அது ஒரு பீரியட் வேலை. நாளைக்கே செய்யுங்கள், நாளை இரவே அவள் அளக்கட்டும். மற்ற பிழைகளை, அவளுடைய அளவீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராத அன்றைக்குச் சொல்லிக்கொடுங்கள். அப்போதுதான் காதில் ஏறும்.

குன்னூர் இயற்பியல்: ஒத்துவராததைக் கவனிக்க, ஒரே இடத்தில் மூன்று முறையாவது அளந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் தானாக வருவதை நான் பார்த்ததில்லை மேடம்.