குரக்கன் புட்டு எண்டால் எவ்வளவும் சாப்பிடலாமோ?

கோண்டாவில்_மருமகள்:
மாமிக்கு 66 வயது, சலரோகம். மெற்ஃபோமின், கிளிக்லசைட் எண்டு இரண்டு சலரோகக் குளிசை போடுறா. இரவில அரிசிமாப் புட்டை விட்டுட்டுக் குரக்கனுக்கு மாறியும், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தால விரலில குத்திச் சீனி பார்த்தால் 230, 240 (mg/dL) எண்டு காட்டுது. குரக்கன் சீனியைக் கூட்டாது எண்டுதானே எல்லாரும் சொல்லுகினம்? வெள்ளிக்கிழமை விரதமும் பிடிக்கிறா. என்ன, எவ்வளவு குடுக்கிறது?

சுண்டுக்கணக்கு:
குரக்கனும் மாச்சத்துத்தான், சமிச்சால் சீனியாய் மாறுறதுதான். அரிசிமா 100 கிராமில ஏறக்குறைய 80 கிராம் மாச்சத்து, குரக்கன்மாவில 70 சொச்சம். நார் கூட எண்டபடியால் கொஞ்சம் ஆறுதலாய் ஏறும், அவ்வளவுதான். அதோட புட்டு பதமாய் வரவேணும் எண்டு பாதிக்குப் பாதி கோதுமை மா கலக்கிற வீடுகள்தான் கன. நிறம் மட்டும் குரக்கன்.

கண்ணால அளக்காதேங்கோ. நீத்துப்பெட்டியைக் கவிட்டவுடன புட்டு பொலபொலவெண்டு பரவிக் கிடக்கும், கோப்பையில போட்டால் கொஞ்சமாய்த்தான் தெரியும். தராசில 200 கிராம் மா எடுங்கோ, கலவையெண்டால் எல்லாம் சேர்த்து 200. வழமைபோலக் குழைச்சு, தேங்காய்ப்பூப் போட்டு அவிச்சு, வந்த புட்டு முழுவதையும் நிறுத்து நாலாய்ப் பிரியுங்கோ. ஒரு பங்கில 50 கிராம் மா, 36 தொடக்கம் 40 கிராம் மாச்சத்து. இரவுக்கு அதில தொடங்கலாம். இடியப்பமெண்டால் இன்னும் சுகம்: 200 கிராம் மாவில எத்தினை வந்ததெண்டு எண்ணி நாலால பிரிக்கிறது. பாணெண்டால் 30 கிராம் துண்டு ஒண்டில 15 கிராம் மாச்சத்து.

புட்டோட வாழைப்பழமும் சீனியும் பிசையிறது நிக்கவேணும். பனங்கட்டியும் சீனிதான், கறுப்பாய் இருக்கிறதால மருந்தாகாது. கோப்பையில பாதி முருங்கையிலை வறை, கத்தரிக்காய், பயித்தங்காய் எண்டு இருக்கட்டும். கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ. மரக்கறியையும் மீனையும் முதல் சாப்பிட்டுட்டுப் புட்டைக் கடைசியாய் எடுத்தால் ஏற்றம் குறையும். உருளைக்கிழங்குக் கறி வைச்சால் அதுவும் மாச்சத்துக் கணக்கு.

தாதி_அக்கா:
மேல சொன்ன அளவு சரி. ஆனால் கிளிக்லசைட் போடுற ஆளின்ர சாப்பாட்டைத் திடீரெண்டு பாதியாக்க முதல் கிளினிக்கில சொல்லுங்கோ. அந்தக் குளிசை, சாப்பிட்டாலும் சாப்பிடாட்டிலும் இன்சுலினைச் சுரக்கப்பண்ணும். குளிசை பழைய அளவில நிக்க, புட்டு மட்டும் குறைஞ்சால் நடுச்சாமத்தில சீனி இறங்கலாம். விரதத்துக்கும் இதே ஆபத்துத்தான்: காலமை குளிசையைப் போட்டுட்டு மத்தியானம் வரைக்கும் வெறுவயிறு. மெற்ஃபோமின் தனிய எண்டால் இந்தப் பயம் குறைவு. விரத நாளில எந்தக் குளிசை, எத்தினை மணிக்கு எண்டு டொக்டரிட்டை முன்கூட்டியே கேளுங்கோ, நீங்களாய் நிப்பாட்டவேண்டாம்.

வேர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்தால் உடன குத்திப் பாருங்கோ. 70க்குக் கீழ எண்டால் விரதம் முடிஞ்சுது. மூண்டு நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து, 15 நிமிசத்தால திரும்பப் பாருங்கோ. ஏறேல்லையெண்டால் இன்னொருக்கால், ஏறினால் சாப்பாடு. நினைவு தப்பினால் வாயில ஒண்டும் ஊத்தாமல் ஆஸ்பத்திரி.

கோண்டாவில்_மருமகள்:
நன்றி அக்கா. கோதுமை மா பாதி கலக்கிறது உண்மைதான். ஒடியல் கூழ்?

சுண்டுக்கணக்கு:
ஒடியல்மாவும், அதுதான் காய்ஞ்ச பனங்கிழங்கு மாவும், மாச்சத்துத்தான். ஊறவைச்சுத் தண்ணியை வடிச்சு விடுறது கைப்புப் போகத்தான், மாச்சத்துப் போகாது. கூழுக்குள்ள மரவள்ளி, பலாக்கொட்டை, ஒருபிடி அரிசி எண்டு எல்லாம் விழுகிறதால ஒவ்வொண்டும் கணக்கில ஏறும். மரவள்ளியையும் அரிசியையும் விட்டு, மீன், நண்டு, பயித்தங்காய், முருங்கையிலையைக் கூட்டிப் போடுங்கோ. ஒரு கோப்பை கூழ் குடிச்சால் அண்டைக்கு இரவு புட்டு இல்லை.

தாதி_அக்கா:
சாப்பாட்டுக்கு முன்னும், முதல் வாயில இருந்து இரண்டு மணித்தியாலத்தாலயும் குத்தி, என்ன சாப்பிட்டா எண்டதோட கொப்பியில எழுதுங்கோ. பொதுவாய்ப் பின்னது 180க்குக் கீழ நிக்கவேணும். மாமியின்ர வயதுக்கு டொக்டர் வேற இலக்குச் சொன்னால் அதைப் பிடியுங்கோ. அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியையும் கொண்டுபோங்கோ.