கூந்தலும் பொன்னும்: வேதப்பகுதிகளை விளக்க உதவி தேவை

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் வேதபாடத்துக்காக 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தைத் தயாரித்து வருகிறேன். பெண்ணுக்கு நீண்ட கூந்தல் மகிமை என்று 15ஆம் வசனம் சொல்லியிருக்க, 1 தீமோத்தேயு 2:9 மயிரைப் பின்னுவதையும் பொன்னையும் முத்தையும் ஏன் விலக்குகிறது? 1 பேதுரு 3:3இலும் ஏறத்தாழ அதே அறிவுரைதான். ஆனால் எசேக்கியேல் 16ஆம் அதிகாரத்திலோ, கர்த்தரே எருசலேமை மணமகளாகப் பாவித்து, கைகளில் கடகமும் காதுகளில் காதணியும் தலையில் கிரீடமும் பூட்டி அழகு பார்க்கிறார். ஆகவே நகையே பாவம் என்ற முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. கண்டிக்கப்பட்டது பின்னல் அல்ல, செல்வந்தப் பெண்களின் பகட்டு என்றே எனக்குப் படுகிறது. ஜெபிக்கையில் பெண்கள் முக்காடிட வேண்டும் என்றும் 1 கொரிந்தியர் 11 சொல்வதால், ரோமக் குடியேற்ற நகரமான கொரிந்துவில் மணமான பெண்களின் முக்காடு எதைக் குறித்தது என்பதையும், கணவனின் சந்தேகத்தால் விசாரிக்கப்படும் மனைவியின் முக்காட்டை ஆசாரியன் நீக்கும் எண்ணாகமம் 5:18க்கும் அதற்கும் தொடர்புண்டா என்பதையும், இறையியல் பயின்றவர்கள் விளக்கினால், அல்லது எளிய தமிழ் விளக்கவுரை ஒன்றைப் பரிந்துரைத்தால், மிகவும் நன்றியுடையவளாயிருப்பேன்.