கலைச்சொல் உதவி: கலோரிக் கணக்கைச் சோதிப்பதற்கு என்ன பெயர்?

அஸ்தம்பட்டியிலிருந்து:
வணக்கம். ஊட்டச்சத்து வகுப்புக்கான பயிற்சித்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. செயலியில் மாணவிகள் பதியும் கலோரி சரிதானா என்று சோதிக்கும் பாடம். புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4, கொழுப்பு 9 என்று பெருக்கிக் கூட்டினால், செயலி காட்டும் எண்ணுக்குப் பக்கத்திலாவது வர வேண்டும். ஒரு தட்டுவடை செட்டுக்கு (இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவல் வைத்த நம்ம சேலத்துத் தின்பண்டம்) புரதம் 5, மாவு 30, கொழுப்பு 10 கிராம் என்று காட்டிவிட்டு, மொத்தம் 160 என்றது ஒரு செயலி. கூட்டினால் 230! இந்தச் சோதனைக்கு ஒரு சொல் வேண்டும்.

அம்மாப்பேட்டையிலிருந்து:
‘தீயளவு’ இருக்க ஏன் அலைய வேண்டும், அம்மா? குறள் 947-இல் கிடக்கிறது. ‘கலோர்’ என்றால் லத்தீனில் வெப்பம். ஆகவே கலோரிக் கணக்கு தீயளவு, சோதிப்பது தீயளவாய்வு.

ஏற்காட்டிலிருந்து:
ஐயா, அது உண்பவர் வயிற்றுத் தீ. பொட்டலத்து எண்ணுக்கு அதை எப்படி ஏற்றுவது? என் மகளிடம் காட்டினேன், “தீய அளவா?” என்றாள்.

அம்மாப்பேட்டை:
தீய + அளவு சேர்ந்தால் அகரத்துக்குப் பின் வகரம் தோன்றித் ‘தீயவளவு’ ஆகும். ஈகாரத்துக்குப் பின்தான் யகரம். பிள்ளைக்கு உடம்படுமெய் சொல்லிக் கொடுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து:
‘கலோரித் தணிக்கை’?

ஏற்காடு:
பாயசத்தில் எந்தக் காட்சியை வெட்டுவார்களாம்? ‘சரிபார்ப்பு’ போதும். அப்புறம், அந்தத் தட்டுவடை எந்தக் கடை? பீட்ரூட் துருவல் கைக்குக் கை மாறுமே, செயலிக்கு எப்படித் தெரியும்?

அஸ்தம்பட்டி:
அதுதான் சிக்கலே. ‘சரிபார்ப்பு’ என்றால் கூட்டலோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரிய பிழை தராசுப் பக்கம் இருக்கிறது. சோற்றை எடைபோட்டு, அரிசி என்று பதிகிறார்கள். 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி, வெந்த சோறு 130தான். கூட்டல் அழகாக வரும், தட்டில் இருப்பது வேறு.

லீ பஜாரிலிருந்து:
மண்டியில் சிட்டையையும் மூட்டையையும் ‘ஒத்துப் பார்க்கிறது’ என்போம். எண்ணோடு எண், எண்ணோடு சரக்கு, இரண்டுக்கும் அதே பேச்சுதான்.

ஏற்காடு:
‘கலோரி ஒத்துப்பார்ப்பு’. என் ஓட்டு இதற்கு.

சூரமங்கலம்:
சரி, எனக்கும்.

அம்மாப்பேட்டை:
கலோரியை அப்படியே வைத்துக்கொண்டு எதைத் தமிழாக்கினீர்கள்? அடைப்புக்குறிக்குள்ளாவது தீயளவாய்வு வர வேண்டும்.

அஸ்தம்பட்டி:
ஐயா, தாள் அச்சகத்துக்குப் போய்விட்டது.

அம்மாப்பேட்டை:
மறுபதிப்பு வரும் அல்லவா?