புதுப்பிப்பு: புல்வெட்டி மெஷினின் புகை நின்றுவிட்டது

குளிர்காலம் முடிந்து ஆயில் மாற்றி, பிளேடு தீட்டி ஸ்டார்ட் செய்தால் வெண்புகை கக்குகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் இரண்டு. பிளேடைக் கழற்றும்போது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) பக்கம் கீழே வரும்படி சாய்த்துவிட்டேன். ஆயில் ஏர் ஃபில்டருக்கும் சிலிண்டருக்கும் போய்விட்டது. அதோடு, 600 மில்லி பிடிக்கிற எஞ்சினில் ஒரு லிட்டர் டப்பாவை முழுசாக ஊற்றியிருக்கிறேன். பிஸ்டன் ரிங் (ஆயில் சிலிண்டருக்குள் ஏறாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டதோ என்று ரொம்பவே பயந்துபோனேன்.

அளவுக் குச்சியின் மேல்கோட்டுக்கு வரும்வரை ஆயிலை வடித்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுக்க இழுக்க ஓட்டை வழியாக ஆயில் தெறித்தது. நனைந்த காகித ஃபில்டரைக் கழுவ முடியாது, புதிது போட்டேன். சைலன்சரில் தங்கியிருந்தது எரிய பத்து நிமிடம் புகைந்தது, பிறகு சுத்தம். (கறுப்புப் புகை என்றால் கதை வேறு, அது பெட்ரோல் அதிகமாகப் போவதால் வருவது.)

எஞ்சினைப் பிரிக்காதே என்று தடுத்தவருக்கு மனமார்ந்த நன்றி.