மடக்கும்போது முறியும் கல்கூட்டின் கால்கள்: உதவி தேவை

வணக்கம். 92.5 வெள்ளியில் நான் கையால் செய்யும் நான்கு கால் கல்கூட்டில் (நகையில் கல்லைப் பிடித்திருக்கும் சட்டம்), கல்லை அமர்த்திக் கால்களின் நுனியை மடக்கும்போது, ஏதேனும் ஒரு கால் கல் அமரும் வெட்டிலேயே முறிந்துவிடுகிறது. மூன்று வாரங்களில் இது ஐந்தாவது கூடு.

கல் 6 மி.மீ. வட்டச் செவ்வந்திக்கல். 1 மி.மீ. உருண்டைக் கம்பியால் ஆன கால்களை, மேலே பெரிதும் கீழே சிறிதுமான இரு வளையங்களோடு, வெங்காரம் பூசிச் சிறிய எரிவாயு டார்ச்சால் பற்றவைக்கிறேன். பட்டறை கோயம்புத்தூரில், வீட்டிலேயே உள்ளது.

முதல் இரண்டு கூடுகளில் வெட்டு கம்பியின் பாதிவரை போய்விட்டது. அது என் அவசரம். பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. பதிக்கும் முன், கால்கள் மிருதுவாவதற்காக, கூட்டை மங்கலான செந்நிறம் வரும்வரை காய்ச்சி நீரில் அமிழ்த்தினேன். எதிரெதிர்க் கால்களைச் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றி அழுத்தினேன். பலனில்லை.

முறிந்த முகத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் மணல்மணலாகத் தெரிகிறது. இரண்டு கால்களில், மேல் வளையத்திலிருந்து ஏறிய பற்றாசு (இணைப்பில் உருக்கி ஓடவிடும் உலோகம்) வெட்டின் அடிவரை மெல்லிய படலமாக மினுங்குகிறது. அதைத் தடுக்கக் காவிமண்ணைக் குழைத்துப் பூசியபோது, அது வழிந்து இணைப்பிலேயே புகுந்து, பற்று பிடிக்காமல் போனது.

இணைப்பைக் கெடுக்காமல், பற்றாசு வெட்டுவரை ஏறாதபடி நீங்கள் எவ்வாறு தடுக்கிறீர்கள்?